டெக்கா டேப்பை வைத்து பீட்டில்ஸை எடைபோடலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனி, லிவர்பூலிலிருந்து வந்த பீட்டில்ஸ் என்ற ராக் குழுவைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பியது. அறுபது வருடமாக எல்லோரும் அந்தக் கம்பெனியைக் கேலி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களோ அந்த 15 பாட்டுகளையும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். ரொம்ப சுமாராக இருக்கிறது. ‘அப்படியானால் டெக்கா செய்தது சரிதானே? பெயர் வாங்குவதற்கு முன்னால் இவர்களும் சாதாரண கோஷ்டிதானா, பிறகு ஸ்டுடியோவில் யாரோ செதுக்கி எடுத்ததா?’ என்கிறீர்கள். இதில் டெக்கா ஒரு சாக்குதான். ஒரு பழைய பதிவை வைத்து அன்றைக்கு அந்தக் குழு எப்படி இருந்தது என்று சொல்லிவிட முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பழைய ஸ்பூல் டேப், கேசட், 78 இசைத்தட்டு இவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. பீட்டில்ஸின் மூல டேப் எதையும் நான் தொட்டதில்லை. எல்லோரையும் போல வெளிவந்த தட்டுகளில் கேட்டதுதான். அதனால் மெஷின், மைக், அறை பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். வரலாற்றில் நான் உங்களைப் போல ஒரு வாசகன். எது உறுதி, எது வாய்வழியாக வந்தது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டெக்கா தன் காதில் விழுந்ததை வைத்து எடுத்த முடிவு அப்படியொன்றும் மடத்தனமானது இல்லை. ஆனால் அந்த டேப்பில் இருப்பது பீட்டில்ஸின் சுமாரான ஒரு மணி நேரம். சத்தம் சுத்தமாக இருப்பதால் அதுதான் உண்மை என்று நம் காது நம்பிவிடுகிறது. அதே வருடக் கடைசியில் ஹாம்பர்க்கில் எடுத்த படுமோசமான ஒரு டேப் இருக்கிறது. இரைச்சலும் குடிகாரக் கூச்சலுமாக. சாட்சி சொல்ல என்னைக் கேட்டால் அதைத்தான் கூண்டில் ஏற்றுவேன்.

வரிசையாகப் போவோம். 1957 ஜூலை 6, லிவர்பூல் பக்கம் வூல்ட்டன் தேவாலயத் திருவிழா. ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்த நாள். அப்போது லெனனின் கோஷ்டிக்கு ‘குவாரிமென்’ என்று பெயர். அன்று மாலை அவர்கள் வாசித்ததை உள்ளூர்க்காரர் ஒருவர் கிரண்டிக் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். 1994-ல் அது சாதபீஸ் ஏலத்துக்கு வந்து, இஎம்ஐ இசைத்தட்டுக் கம்பெனி 78,500 பவுண்டுக்கு எடுத்தது. எடுத்தும் என்ன, தட்டாகப் போடும் தரத்தில் இல்லை. இது பூஜையில் வைக்கலாம். இசையை எடைபோட உதவாது.

அடுத்தது 1958 கோடை. லிவர்பூலில் கென்சிங்டன் என்ற தெருவில், 38-ஆம் எண் வீட்டில், பெர்சி பிலிப்ஸ் என்பவர் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பாடித் தட்டு வெட்டிக்கொண்டு போகலாம். லெனன், மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், பியானோவுக்கு ஜான் லோ, ட்ரம்ஸுக்குக் காலின் ஹாண்டன் என்று ஐந்து பேர் போனார்கள். ஒரு பக்கம் அமெரிக்கப் பாடகர் படி ஹாலியின் ‘தட்’ல் பி தி டே’. மறுபக்கம் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் சேர்ந்து போட்ட ‘இன் ஸ்பைட் ஆஃப் ஆல் தி டேஞ்சர்’. இரண்டிலும் முதல் குரல் லெனன். இவ்வளவும் உறுதி. எவ்வளவு காசு கொடுத்தார்கள் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. முதலில் டேப்பில் பிடித்துப் பிறகு தட்டுக்கு மாற்றினாரா, நேராகத் தட்டிலேயே வெட்டினாரா என்பதிலும் வந்தவர்கள் நினைவு ஒத்துப்போகவில்லை. இரண்டாவது பாட்டு நீண்டுகொண்டே போக, பிலிப்ஸ் கழுத்தை அறுப்பதுபோல் கையால் சைகை காட்டினார் என்று லோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். தட்டில் இடம் முடியப் போகிறது என்று அர்த்தம். அந்த நினைவு சரியானால் நேராக வெட்டியதாகத்தான் இருக்க வேண்டும். டேப் என்றால் அந்த அவசரம் எதற்கு?

கிடைத்தது ஒரே ஒரு தட்டு. ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்வது என்று பேச்சு. கடைசியாக லோ கைக்குப் போனது, 1981-ல் மெக்கார்ட்னி விலைக்கு வாங்கும்வரை அங்கேயே இருந்தது. இந்த மாதிரித் தட்டைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் அதை ஒழுங்காகக் கேட்க முடியும். கடையில் விற்கும் தட்டு அச்சில் அழுத்தி எடுப்பது. இது அலுமினியத் தகட்டின் மேல் மெழுகு மாதிரி மென்மையான ஒரு பூச்சு. அதில் நேராக வெட்டியது. அந்தக் காலத்துக் கனமான முள்ளை அதன்மேல் வைத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வழித்துக்கொண்டு போகும். முதலில் போவது மேல்ஸ்தாயி: சிம்பலின் சலசலப்பு, ‘ஸ’, ‘ஷ’ மாதிரி எழுத்துகள். ஐந்து வாலிபர்கள் முறை வைத்து வாரக்கணக்கில் வீட்டு கிராமபோனில் தேய்த்த தட்டு அது. ‘ட்ரம்ஸே கேட்கவில்லையே’ என்று எழுதியிருந்தீர்கள். ஹாண்டன் மெதுவாக வாசித்ததாலா, அறையில் இருந்த மைக் அவருக்கு எட்டவில்லையா, முள் வழித்துவிட்டதா என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஆனால் லெனன் குரல் தேய்மானத்தையும் தாண்டி வருகிறது, பாருங்கள். பதினேழு வயசு. அமெரிக்கக் குரலைக் காப்பியடிக்கிறான்தான், ஆனால் பயமில்லாமல் அடிக்கிறான்.

1960-ல் மெக்கார்ட்னி வீட்டில் எடுத்த டேப்புகளை வேகமாகத் தாண்டிவிடலாம். ட்ரம்மர் கிடையாது; ஓவியக் கல்லூரி நண்பன் ஸ்டுவர்ட் சட்கிளிஃப் அப்போதுதான் பேஸ் கிட்டார் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். வீட்டு ஹாலில் பிள்ளைகள் பொழுதுபோக்கும் சத்தம். 1995-ல் வந்த ‘ஆந்தாலஜி 1’ தொகுப்பில் மூன்று பாட்டு இருக்கிறது, அது போதும்.

அந்த ஆகஸ்டில்தான் ஹாம்பர்க் வருகிறது. ஜெர்மனியின் துறைமுக நகரம். சிவப்பு விளக்குப் பகுதியில் இந்த்ரா என்று ஒரு கிளப். அப்புறம் கைசர்கெல்லர். முதல் தடவையே மூன்றரை மாதம். சாதாரண நாளில் இரவுக்கு நாலரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம். எந்தப் பதிவைவிடவும் இந்தக் கணக்குதான் முக்கியம். மேடை வாசிப்பில் கை எப்படிப் பழகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1961 ஜூனில் அதே ஹாம்பர்க்கில் முதல் தொழில்முறைப் பதிவு. டோனி ஷெரிடன் என்ற ஆங்கிலேயப் பாடகருக்குப் பின்னால் வாசிக்கும் வேலை. தயாரித்தவர் பெர்ட் கெம்ப்ஃபெர்ட், அந்த வருடத் தொடக்கத்தில்தான் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்த இசைக்குழுத் தலைவர். இடம் ஸ்டுடியோ இல்லை, ஹார்பர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த அரங்கம். ‘மை பானி’ என்ற பழைய பாட்டை ராக் ஆக்கிப் போட்டார்கள். ஜெர்மனியில் வந்த தட்டில் பீட்டில்ஸ் பெயர்கூடக் கிடையாது. அந்த ஊர்க் கொச்சையில் ‘பீட்டில்ஸ்’ என்பது சொல்லக் கூசும் ஒரு வார்த்தை மாதிரி ஒலித்ததாம். ‘பீட் பிரதர்ஸ்’ என்று போட்டுவிட்டார்கள். அப்போதைய ட்ரம்மர் பீட் பெஸ்டின் ட்ரம்ஸிலிருந்து கால் மிதி ட்ரம்மைக் கெம்ப்ஃபெர்ட் கழற்றச் சொல்லிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. சொன்னவர்களை நம்ப வேண்டியதில்லை, பாட்டைக் கேளுங்கள்: அடியில் ‘தும்’ என்று ஒன்றுமே விழவில்லை, ஸ்னேரும் சிம்பலும்தான். அப்புறம், நீங்கள் இணையத்தில் கேட்டது எந்தப் பிரதி என்று ஒருமுறை பாருங்கள். 1964-ல் பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்த பிறகு, இந்தப் பாட்டுகள் சிலவற்றின் மேல் அமெரிக்கக் கம்பெனி வேறு ஆட்களை வைத்து ட்ரம்ஸும் கிட்டாரும் ஏற்றி விற்றது. லெனன் பாடிய ‘எய்ன்ட் ஷீ ஸ்வீட்’டில் ட்ரம்ஸ் பிரமாதமாக இருக்கிறது என்று தோன்றினால், அது 1961 பீட்டில்ஸ் இல்லை என்று சந்தேகப்படுங்கள்.

இந்த ‘மை பானி’யைக் கேட்டு ஒரு பையன் கடைக்கு வந்ததால்தான் லிவர்பூலில் இசைத்தட்டுக் கடை நடத்திய பிரையன் எப்ஸ்டீன் பீட்டில்ஸைத் தேடிப் போனார் என்பது பிரபலமான கதை. அப்படி ஒரு பையனே இல்லை, கடை ஊழியர் கட்டிவிட்ட பெயர் என்று ஒரு கட்சி. பிறகு அந்த ஆளையே தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் உள்ளூர் இசைப் பத்திரிகை ‘மெர்சி பீட்’ எப்ஸ்டீன் கடையிலேயே விற்றது, அதில் அவரே தட்டு விமர்சனம் எழுதினார், பீட்டில்ஸ் அதன் முதல் பக்கத்திலேயே வந்தார்கள். அந்தப் பெயரையே அறியாமல் இருந்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. எப்படியோ, 1961 நவம்பர் 9 அன்று பீட்டில்ஸ் வாசித்த லிவர்பூல் கேவர்ன் கிளப்புக்குப் போனார், மேனேஜரானார், கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். மற்றவர்கள் வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். கூப்பிட்டுப் பாடவைத்துப் பார்க்கவாவது செய்தது டெக்கா. அதற்காகத்தான் அறுபது வருடமாகத் திட்டு வாங்குகிறது என்பது ஒரு வேடிக்கை.

சரி, டெக்கா டேப். டிசம்பர் 31 அன்று லிவர்பூலிலிருந்து வேனில் கிளம்புகிறார்கள். பனி கொட்டுகிறது, ஓட்டிய நீல் ஆஸ்பினால் வழி தவறுகிறார், லண்டன் போய்ச் சேரப் பத்து மணி நேரம். மறுநாள் காலை வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் ஸ்டுடியோ. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புத்தாண்டு விடுமுறை நாள் இல்லை, ஆனால் முந்தின இரவுக் கொண்டாட்டம் முடிந்து டெக்காவின் மைக் ஸ்மித் தாமதமாகத்தான் வந்தார். வந்ததும் இவர்கள் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர்களைப் பார்த்து, இது ஆகாது என்று ஸ்டுடியோ ஆம்ப்ளிஃபயரில் சொருகச் சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மின்கிட்டார் வாசிப்பவனுக்கு ஆம்ப்ளிஃபயர் வெறும் பெட்டி இல்லை, வாத்தியத்தில் பாதி. எந்தத் திருகை எவ்வளவு திருப்பினால் எப்படிக் கத்தும், எங்கே கம்மும் என்பது விரலுக்குப் பழகியிருக்கும். ஹாரிசன் மாதிரி அளந்து வாசிக்கிற பையனிடம் அதைப் பிடுங்கிவிட்டு ‘வாசி’ என்றால் கை கூசும். ஒரு தடவை தென்மாவட்டத்திலிருந்து நையாண்டி மேளக் குழு ஒன்றை ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். கோயில் கொடையில் விடியவிடிய ஊரை ஆடவைக்கிற ஆட்கள். தவில்காரரைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தனியாக உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, எதிரே சிவப்பு விளக்கைப் போட்டார்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, ‘தம்பி, நாயனக்காரர் மூஞ்சியைப் பாக்காம எனக்குக் கை வரல’ என்றார். அன்றைக்குப் பதிவானதை மட்டும் கேட்டவர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? டெக்கா டேப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

அந்த டேப்பில் நிஜமாகவே என்ன கேட்கிறது? ‘மணி’ பாட்டில் லெனன் கத்த வேண்டிய இடத்தில் கத்தாமல் ஓரமாக நின்று பாடுகிறார். ‘டில் தேர் வாஸ் யூ’வில் மெக்கார்ட்னி ஒவ்வொரு சொல்லையும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி எடுத்து வைக்கிறார். பீட் பெஸ்ட் பாட்டுக்குப் பாட்டு ஏறக்குறைய ஒரே அடி. ஹாரிசன் மட்டும் பரவாயில்லை; ‘க்ரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்’கில் கிட்டார் இடையிசையைக் கேளுங்கள், சுத்தம். 15 பாட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், மறுவாசிப்பு அதிகம் இல்லாமல், பின்னால் எதையும் ஏற்றாமல் எடுத்தது. பாட்டுத் தேர்வு இன்னொரு கோளாறு. 15-ல் சொந்தப் பாட்டு மூன்றே மூன்று. மீதி, பழைய மெட்டு, நாடகப் பாட்டு, அரேபிய ஷேக் பற்றி ஒரு தமாஷ் பாட்டு என்று கதம்பம். எல்லாவிதமும் பாடுவார்கள் என்று காட்ட எப்ஸ்டீன் அப்படித் தேர்ந்தெடுத்தார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். லெனனும் பின்னாளில் அந்தத் தேர்வைக் குறை சொல்லியிருக்கிறார்.

‘கிட்டார் கோஷ்டிகளின் காலம் முடிந்துவிட்டது’ என்று டெக்காவின் டிக் ரோ சொன்னதாக ஊர் முழுக்கச் சொல்கிறார்களே, அது எப்ஸ்டீன் தன் சுயசரிதையில் எழுதியது. ரோ சாகும்வரை மறுத்தார். நடந்தது இதைவிடச் சப்பென்றது: அதே சமயம் சோதனைக்கு வந்த இன்னொரு குழு பிரையன் பூல் அண்ட் தி ட்ரெமலோஸ். இரண்டில் ஒன்றை எடு என்று ஸ்மித்திடம் சொன்னார்கள். ட்ரெமலோஸ் லண்டனுக்குப் பக்கத்தில் டேகனமில் இருந்தார்கள். கூப்பிட்டால் வந்து நிற்பார்கள். அவர்களும் கிட்டார் கோஷ்டிதான்! 1963-ல் அவர்களுடைய ‘டூ யூ லவ் மீ’ இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது, ஆக டெக்காவுக்குப் போட்ட பணமும் வந்துவிட்டது. டிக் ரோ அதே வருடம் ஹாரிசன் காதில் போட்ட ஒரு வார்த்தையை வைத்து ரோலிங் ஸ்டோன்ஸைப் பிடித்தார். அந்தச் சோதனையில் பீட்டில்ஸ் பாடிய ‘லைக் ட்ரீமர்ஸ் டூ’வை 1964-ல் ஆப்பிள்ஜாக்ஸ் என்ற குழு தட்டாகப் போட்டது. கம்பெனி? டெக்காவேதான்.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு: ஆமாம், அன்றைய டேப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் டெக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மைக் ஸ்மித் அதற்கு மூன்று வாரம் முன்னால் கேவர்னுக்கே போய் இவர்களை நேரில் பார்த்தவர். அங்கே பார்த்தது ஸ்டுடியோவில் காணவில்லை என்றால், ஏன் என்று கேட்டிருக்கலாம். என் வருத்தம் அவ்வளவுதான்.

எப்ஸ்டீன் டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஆக்ஸ்ஃபோர்டு தெரு எச்எம்வி கடையில் அதைத் தட்டாக மாற்றப்போன இடத்திலிருந்து ஒருவர் கைமாற்றி ஒருவர் என்று இஎம்ஐயின் பார்லோஃபோன் பிரிவில் தயாரிப்பாளராக இருந்த ஜார்ஜ் மார்ட்டினிடம் போய்ச் சேர்ந்தார். மார்ட்டின் தானாக விரும்பி எடுத்தாரா, மேலிடத்து நிர்ப்பந்தமா என்பதில் இன்றும் ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். 1962 ஜூன் 6, லண்டனில் ஆபி ரோட்டிலிருந்த இஎம்ஐ ஸ்டுடியோ. நான்கு பாட்டு எடுத்தார்கள், இரண்டுதான் தப்பிப் பிழைத்தன. அதில் ‘லவ் மீ டூ’வின் பிரதி ஒன்று முப்பது வருடத்துக்குமேல் கழித்து மார்ட்டின் வீட்டு அலமாரியிலிருந்து கிடைத்தது. நீங்கள் ‘யாரோ செதுக்கினார்களா’ என்று கேட்டதற்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெஸ்ட் வாசிக்கும் அந்தப் பிரதியில் நடுப்பகுதி வரும்போது தாளம் வேறு நடைக்குத் தாவி, தடுமாறி, திரும்ப வந்து சேர்கிறது. பல்லவி முடியும் இடத்தில் லெனன் பாடவும் வேண்டும், அதே நொடியில் ஹார்மோனிகாவையும் வாயில் வைக்க வேண்டும். முடியாது என்பதால் அந்த வரியை மெக்கார்ட்னியிடம் கொடுத்தார் மார்ட்டின். திடீரென்று பொறுப்பு தலையில் விழுந்த நடுக்கம் அவர் குரலில் தெரிகிறது. இதையெல்லாம் செதுக்கல் என்றால் செதுக்கல்தான். ஆகஸ்டில் பெஸ்டை நீக்கினார்கள், ரிங்கோ ஸ்டார் வந்தார். செப்டம்பர் 4-ல் ரிங்கோவோடு ஒரு பிரதி, 11-ல் ஆண்டி ஒயிட் என்ற கூலி ட்ரம்மரோடு ஒரு பிரதி. தாம்புரின் கேட்டால் ஒயிட் பிரதி, கேட்காவிட்டால் ரிங்கோ பிரதி.

கடைசியாக நான் கூண்டில் ஏற்றுவேன் என்ற டேப். 1962 டிசம்பர் கடைசி, ஹாம்பர்க் ஸ்டார் கிளப். ‘லவ் மீ டூ’ அக்டோபரில் வெளிவந்து ஊரில் பட்டியலில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பழைய ஒப்பந்தத்துக்காகத் திரும்ப ஹாம்பர்க் வர ஒருவருக்கும் மனசில்லை. டெட் டெய்லர் என்ற இன்னொரு லிவர்பூல் பாடகருக்காக, வீட்டு டேப் ரெக்கார்டரில், ஒரே மைக்கை வைத்துப் பதிவானது. 1977-ல் தட்டாக வந்தது, பீட்டில்ஸ் தரப்பு தடுக்கப் பார்த்து அப்போது தோற்றது. 1998-ல்தான் லண்டன் நீதிமன்றத்தில் ஜெயித்தது. பீர் வாங்கிக் கொடுத்தால் பதியலாம் என்று லெனன் அனுமதித்தார் என்பது டெய்லரின் கட்சி. ஹாரிசன் நேரில் வந்து, ஒரு குடிகாரன் இன்னும் சில குடிகாரர்களைப் பதிவு செய்ததெல்லாம் வியாபார ஒப்பந்தம் ஆகாது என்கிற மாதிரி சாட்சி சொன்னார்.

விற்றவர்கள் இந்த டேப் 1962 வசந்தகாலத்தில், இஎம்ஐ ஒப்பந்தத்துக்கு முன்னால் எடுத்தது என்றார்கள். அப்படியிருந்தால் இஎம்ஐ உரிமை கேட்க முடியாது அல்லவா? ஆனால் டேப்பே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. ட்ரம்ஸ் ரிங்கோ. பாடும் பாட்டுகளில் ஒன்று டாமி ரோவின் ‘ஷீலா’; அது அமெரிக்காவில் ஹிட்டானதே அந்த வருடக் கோடையில்தான். ஆக டிசம்பர்தான். பாட்டு வரிசையை வைத்துத் தேதி கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. வேகமும் அப்படித்தான். இந்த மாதிரி வீட்டு டேப்புகளில் மின்சாரத்தின் ‘ம்ம்ம்’ இரைச்சல் பெரும்பாலும் அடியில் படிந்திருக்கும். ஜெர்மனியிலும் நம் ஊரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சல் 53-ல் நின்றால், டேப் வேகமாக ஓடுகிறது, பாட்டு அரை ஸ்வரம் ஏறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். இணையத்தில் சுற்றும் பிரதிகளில் வேகம் ஆளுக்கு ஒரு மாதிரி. ‘என்ன இது, ஓடுகிறார்களே’ என்று தோன்றினால் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்படிக் கேட்டால் என்ன தெரிகிறது? மைக் மேடையைப் பார்த்து இல்லை, கூட்டத்தைப் பார்த்து வைத்த மாதிரி இருக்கிறது; பாடுகிற வார்த்தை பாதி புரியாது. லெனன் நடுவில் ஏதோ கத்துகிறார். கிளப் ஆட்களே மேடையேறிப் பாடுகிறார்கள். அக்கறையில்லாமல் வாசிக்கிறார்கள் என்பது அப்பட்டம். ஆனால் பேஸும் ட்ரம்ஸும் ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை. ஒரு பாட்டு முடிந்த மூச்சில் அடுத்தது கிளம்புகிறது, எண்ணிக்கை தவறுவதில்லை. ‘ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்’ அதிலேயே இருக்கிறது. ஆறு வாரம் கழித்து, 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிந்து முதல் ஆல்பத்தை முடித்தார்களே, அதில் முதல் பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மார்ட்டின் அந்தப் பாட்டில் மாற்றியது கொஞ்சம்தான் என்று புரியும். மைக்கைச் சரியான இடத்தில் வைத்தார், பாதி வேலை அதுதான். விருப்பமில்லாமல், குடித்துவிட்டு, பழைய ஒப்பந்தக் கடனுக்கு வாசிக்கும்போதே இப்படி என்றால், நல்ல இரவில் எப்படி இருந்திருப்பார்கள் என்பதற்கு எங்களிடம் டேப் இல்லை. அதனால்தான் அவர்களைச் சாதாரண கோஷ்டி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதேநேரம், டெக்கா நாளுக்கும் இந்த இரவுக்கும் நடுவில் ஒரு வருடம் ஓடியிருக்கிறது, ட்ரம்மர் மாறியிருக்கிறார். வளர்ச்சி எவ்வளவு, பழகாத ஆம்ப்ளிஃபயரின் கோளாறு எவ்வளவு என்று கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ‘பேசமே மூச்சோ’ என்ற மெக்ஸிகோ பாட்டை அந்த ஒரே வருடத்தில் மூன்று இடத்தில் பாடியிருக்கிறார்கள்: ஜனவரியில் டெக்கா, ஜூனில் ஆபி ரோடு, டிசம்பரில் ஸ்டார் கிளப். மூன்றிலும் மெக்கார்ட்னி குரல். முதல் இரண்டில் பெஸ்ட், மூன்றாவதில் ரிங்கோ. ஆபி ரோடு பிரதி ‘ஆந்தாலஜி 1’-ல் இருக்கிறது. மற்ற இரண்டையும் நீங்கள் டெக்கா டேப்பைப் பிடித்த மாதிரியே தேடினால் கிடைக்கும். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, சாதாரண ஸ்பீக்கரில், அடுத்த அறையில் உட்கார்ந்து கேளுங்கள். ஹெட்ஃபோனில் இரைச்சல்தான் காதைப் பிடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டால் தாளம் மட்டும் வரும். எந்தப் பிரதிக்குக் கால் தானாக ஆடுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.